பினாங்கில் ஐந்து நாள்: வழக்கைக் கர்த்தரிடம் வைக்கிறவர்களுக்கு

நாள் 1: பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு

கோலாலம்பூர் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த் வந்து சேர நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது. அங்கிருந்து பெர்ரி. இந்த ஐந்து நாள் பயணம் ஒரு வகையான ஆட்களுக்காகப் போடப்பட்டது: செய்யாத குற்றத்தைச் சுமப்பவர்கள், வேலையிடத்தில் ஓரங்கட்டப்பட்டவர்கள், சொத்துத் தகராறில் கூடப் பிறந்தவர்களே எதிராக நிற்பவர்கள், சபைக்குள்ளேயே பழி சுமத்தப்பட்டவர்கள். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று எல்லாரும் அவர்களிடம் சொல்வார்கள். அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. சங்கீதங்கள் சொல்லித்தருகின்றன. கத்தோலிக்க வாசகர்களுக்கு அவை திருப்பாடல்கள், எண்கள் ஒன்றுதான்.

கொண்டுவர வேண்டியவை கொஞ்சம்தான்: அச்சிட்ட வேதாகமம், கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா. கைப்பேசியில் வாசிக்க வேண்டாம். எதிராளியிடமிருந்து வரும் வாட்ஸ்அப் செய்தியும் அதே திரையில்தான் வந்து விழும்.

பெர்ரி கால்வாயைக் கடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். அதற்குள் மூன்றாம் சங்கீதத்தை நிதானமாக இரண்டு முறை வாசித்துவிடலாம். மொத்தம் எட்டு வசனம். தாவீது தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடும்போது பாடியது என்று தலைப்பு சொல்கிறது. முதல் இரண்டு வசனத்திலேயே “அநேகர்” என்பதற்கான எபிரெயச் சொல் மூன்று முறை வருகிறது. கூட்டம் பெரிது என்பதை அவன் மறைக்கவில்லை. “இவனுக்குத் தேவனிடத்திலும் உதவி இல்லை” என்று அவர்கள் பேசியதையும் அப்படியே எடுத்துச் சொல்கிறான். “சேலா” என்ற குறிப்பு மூன்று இடத்தில் உண்டு: 2, 4, 8. அங்கெல்லாம் வாசிப்பை நிறுத்தி, பத்து மூச்சு எண்ணிவிட்டுத் தொடருங்கள். பெரும்பாலோர் இரண்டாம் வசனத்தின் சேலாவைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள், ஏனென்றால் அதுதான் வலிக்கிற இடம். அதைத் தாண்டி ஓடினால் அடுத்து வரும் “நீர் என் கேடகம்” வெறும் வாய்ப்பேச்சாகிவிடும்.

ஐந்தாம் வசனத்தில் அவன் படுத்து, தூங்கி, விழிக்கிறான். எதிரி இன்னும் தோற்கவில்லை. தூக்கம் முதலில் வருகிறது, வெற்றி பிறகுதான். ஏழாம் வசனத்தில் பற்களைத் தகர்க்கச் சொல்வது சிலருக்கு உறுத்தும். கடிக்க வரும் மிருகத்தின் பல்லை எடுத்துவிட்டால் மிருகம் உயிரோடிருக்கும், கடிக்க முடியாது. அவன் கேட்பது அதைத்தான்.

இரவு விடுதியில் இரண்டாம் சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள். 31-ஆம் வசனத்தில், அப்சலோமோடு சேர்ந்துவிட்ட ஆலோசகன் அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பைத்தியமாக்கிவிடும் என்று தாவீது ஜெபிக்கிறான். அடுத்த வசனத்தில் அவனுடைய சிநேகிதன் ஊசாய் எதிரே வருகிறான். அவனைத் தாவீது திரும்ப நகரத்துக்கே அனுப்பி, அந்த ஆலோசனையை அவமாக்க ஏற்பாடு செய்கிறான். ஜெபத்தை அடுத்த வசனத்திலேயே ஏற்பாடு தொடங்கிவிடுகிறது.

நாள் 2: ஜார்ஜ் டவுன்

இந்த நாளுக்கு நேரம் அதிகம் ஒதுக்குங்கள். காலை எட்டு மணிக்கே கிளம்பினால் வெயிலுக்கு முன் பாதி முடியும்.

கார்ன்வாலிஸ் கோட்டையில் அரை மணி நேரம் போதும். 1786-இல் பிரான்சிஸ் லைட் நிபோங் பனைத் தண்டுகளை ஊன்றி வேலி கட்டிய இடம், பின்னாளில் செங்கல் கோட்டையானது. பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. இந்தக் கோட்டையில் போர் என்று ஒன்று நடந்ததே இல்லை. “என் கோட்டை” என்று தாவீது கர்த்தரை அழைத்தபோது அவன் மனதில் இருந்தது இப்படிப்பட்ட மதில் அல்ல. ஆள் ஏற முடியாத பாறை உச்சி, ஓடி ஒளிந்து உயிர் தப்பிய இடம்.

அங்கிருந்து லைட் வீதியில் நடந்தால் உயர் நீதிமன்றம். 1807-இல் பிரிட்டிஷ் அரசு கொடுத்த நீதிச் சாசனத்தின் மூலம்தான் பினாங்கில் முறையான நீதிமன்றம் வந்தது. மலாயாவில் அதுவே முதல். அருகில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1869-இல் இறந்த வழக்கறிஞர் அவர். ஐரோப்பியர் அல்லாத மக்களுக்காக வாதாடியவர். சின்னத்தைச் சுற்றி நான்கு நற்குணங்களின் உருவங்கள் உள்ளன, அவற்றில் ஒன்று நீதி. அந்த நிழலில் நின்று ஏழாம் சங்கீதத்தைத் திறங்கள்.

பதினேழு வசனம். பென்யமீனனாகிய கூஷ் என்பவனின் வார்த்தைகளுக்காகப் பாடியது, அதாவது ஒருவன் வாயால் வந்த வினை. ஒன்று, இரண்டில் அடைக்கலம் கேட்கிறான். உடனே எதிரியைப் பற்றிப் பேசத் தொடங்குவான் என்று எதிர்பார்ப்போம். இல்லை. மூன்று முதல் ஐந்து வரை தன்னையே கூண்டில் ஏற்றுகிறான்: நான் இதைச் செய்திருந்தால், என் கையில் அநியாயம் இருந்தால், சமாதானமாயிருந்தவனுக்குத் தீங்கு செய்திருந்தால், எதிரி என் பிராணனைப் பிடித்து மண்ணில் மிதிக்கட்டும். இந்தச் சத்தியத்துக்குப் பிறகுதான் ஆறாம் வசனத்தில் “எழுந்தருளும்” என்று நியாயாதிபதியை அழைக்கிறான்.

நாங்கள் சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான். நியாயம் கேட்டுப் போகிறவன் முதலில் தன்னைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். நோட்டில் இடப்பக்கம் மூன்று கேள்வி எழுதுங்கள்: இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் உண்டா? நான் தராமல் வைத்திருக்கும் பணமோ பத்திரமோ உண்டா? அந்த ஆளைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் நான் என்ன பேசினேன்? ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிப் பதில். பதிலில் “ஆனால்” என்ற சொல் வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஏதாவது ஒன்று சரி செய்ய வேண்டியிருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். அதனால் உங்கள் வழக்கு பலவீனமாகாது.

எட்டாம் வசனத்தில் “என் நீதியின்படி” நியாயம் செய்யும் என்று கேட்பதைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு. நான் பாவியாயிற்றே, எப்படி அப்படிக் கேட்பது என்று. தாவீது அங்கே பாவமே அறியாதவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இந்த ஒரு குற்றச்சாட்டில் நான் குற்றமற்றவன் என்கிறான். நீதிமன்றத்தில் சொல்வதும் இதுதானே. வாழ்நாள் முழுவதற்கும் கணக்குக் கேட்டால் யாரும் நிற்க முடியாது.

அடுத்து 35-ஆம் சங்கீதம். எபிரெயத்தில் அதன் முதல் சொல்லே வழக்கு மன்றச் சொல்: என் வழக்காளிகளோடு நீர் வழக்காடும். கவனிக்க வேண்டியது, எதிரிகள் பேசியதை அவன் மாற்றாமல் எடுத்து வைக்கும் விதம். 21-இல் “ஆ ஆ, எங்கள் கண் கண்டது” என்கிறார்கள். 25-இல் “அவனை விழுங்கிவிட்டோம்” என்று சொல்லிவிடக் கூடாதே என்கிறான். நோட்டின் வலப்பக்கம் இதற்கு: தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், சொல்லப்பட்ட வார்த்தை அதே மொழியில். மலாயில் திட்டினால் மலாயில். உங்கள் விளக்கம் அதில் கலக்கக் கூடாது. ஜெபத்துக்கும் இது உதவும், போலீஸ் ரிப்போர்ட்டுக்கும் உதவும். ரிப்போர்ட் கொடுக்கப் போய்த் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் வருத்தத்தைச் சொல்கிறார்கள், நடந்ததைச் சொல்வதில்லை.

13, 14-ஐ விட்டுவிடாதீர்கள். அந்த எதிரிகள் வியாதியாயிருந்தபோது இவன் இரட்டு (துக்கத்துக்கு உடுத்தும் சாக்குத் துணி) உடுத்தி, உபவாசமிருந்து, தாய்க்காகத் துக்கிக்கிறவனைப் போலத் தலை குனிந்து நடந்தான். ரொம்பக் காயப்பட்டவர்களுக்கு இந்த இரண்டு வசனம் தாங்க முடியாததாயிருக்கும், ஏனென்றால் அவர்களும் அதையே செய்திருப்பார்கள்.

இங்கே ஒரு நடைமுறை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து அநியாயமாக நீக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் “கர்த்தரிடம் விட்டுவிட்டேன்” என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில், அதாவது ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹானில், முறையீடு கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். அறுபது நாளும் ஜெபித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் மனுவைக் கொடுத்துவிட்டு ஜெபியுங்கள். பவுல் பிலிப்பியில் அடிபட்டுச் சிறையிலிருந்தபோது, விடுதலை வந்ததும் சத்தமில்லாமல் போய்விடவில்லை. விசாரிக்காமல் ரோமக் குடிமக்களை அடித்தீர்களே, நீங்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோங்கள் என்றான். பின்னாளில் இராயனுக்கே அபயமிட்டான். சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று அவன் நினைக்கவே இல்லை.

மத்தியானத்துக்குப் பின் ஃபார்குவார் வீதியில் புனித ஜார்ஜ் ஆலயம். 1818-இல் கட்டி முடித்தது. வெள்ளைத் தூண்களும் அகன்ற புல்தரையும் அமைதியாயிருக்கும். கட்டிய கைகள் கைதிகளுடையவை, இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் குண்டுவீச்சில் சேதமாகி, உள்ளே இருந்தவை கொள்ளை போய், பிறகு பழுது பார்க்கப்பட்டது. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஏழாம் சங்கீதத்தை இன்னொரு முறை வாசியுங்கள். தீர்ப்பு என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் வேறு கனம் இருக்கிறது.

நாள் 3: கொடி மலையும் பினாங்கு சாலையும்

ஜெட்டியிலிருந்தோ கொம்தாரிலிருந்தோ 204 பேருந்து மலை ரயில் அடிவாரம் வரை போகும். 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில். முன்பு பாதி வழியில் வண்டி மாற வேண்டியிருந்தது, 2011-க்குப் பின் நேராக ஏறுகிறது. கால் நன்றாயிருந்தால் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதையில் ஏறலாம், சுமார் ஐந்து கிலோமீட்டர், முழுக்கச் செங்குத்து. ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். இறங்கும்போதுதான் முழங்கால் போகும், அதனால் ஏறி ரயிலில் இறங்குவது நல்லது.

மேலே போனதும் 121-ஆம் சங்கீதம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒத்தாசை மலைகளிலிருந்தே வருவதுபோலத் தொனிக்கும். எபிரெயத்தில் அது கேள்வி: மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு ஒத்தாசை எங்கிருந்து வரும்? பதில் இரண்டாம் வசனத்தில், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடத்திலிருந்து. எட்டு வசனத்துக்குள் “காத்தல்” என்ற வினை ஆறு முறை. பேனாவால் கோடிட்டு எண்ணிப் பாருங்கள்.

91-ஆம் சங்கீதத்தை இங்கே வாசிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதைச் சட்டைப் பையில் தாயத்துப்போல வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிசாசும் இந்தச் சங்கீதத்தைத்தான் இயேசுவிடம் மேற்கோள் காட்டினான், “உன் வழிகளிலெல்லாம்” என்ற சொற்களை மட்டும் விட்டுவிட்டு. கோபுரத்திலிருந்து குதிப்பது ஒருவனுடைய வழி அல்ல. 15-ஆம் வசனத்தையும் பாருங்கள்: ஆபத்தில் நானே அவனோடிருப்பேன். ஆபத்தே வராது என்று எழுதியிருக்கவில்லை.

மாலையில் பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழுந்த கோயில். அங்கே 109-ஆம் சங்கீதம். இதைத் தயக்கத்தோடுதான் சேர்த்திருக்கிறோம். எதிராளியின் பெயரைத் தாளில் எழுதி வைத்து இத்தனை நாள் 109 வாசித்தால் அவன் அழிவான் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஏவல் வேலை, வேதவசனத்தைக் கொண்டு செய்தாலும் ஏவல்தான். அந்தச் சங்கீதத்தையே கூர்ந்து வாசியுங்கள். 2 முதல் 5 வரை எதிரிகள் பலர். 6 முதல் 19 வரை சாபம் முழுவதும் ஒருவன் மேல், “அவன்” என்று ஒருமையில். 20-இல் மறுபடி பன்மை. ஆகவே நடுவில் வரும் சாபம், எதிரிகள் தாவீதின் மேல் சொன்னதை அவன் எடுத்துச் சொல்வதாயிருக்கலாம் என்று விளக்குகிற அறிஞர்கள் உண்டு. அப்படி இல்லை, அவனுடைய கோபமேதான் என்று கொண்டாலும், அவன் அதைத் தேவனிடம் பேசுகிறான், எதிரியின் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நான்காம் வசனத்தில் எபிரெயம் இரண்டே சொல்: “நானோ, ஜெபம்.” ஆறாம் வசனத்தில் வலதுபக்கம் நிற்பவன் குற்றஞ்சாட்டுகிறவன். கடைசி வசனத்தில் எளியவனின் வலதுபக்கம் நிற்பவர் கர்த்தர். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்காகவே இந்தச் சங்கீதத்தை வாசிக்கலாம்.

நாள் 4: புலாவ் திக்குஸ், தஞ்சோங் பூங்கா

காப்பாற்றப்படாதவர்களின் நாள் இது. இதை விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை.

புலாவ் திக்குஸில் அமலோற்பவ மாதா ஆலயம், புக்கெட் தீவிலிருந்து போருக்குத் தப்பி வந்த யுரேசியக் கத்தோலிக்கர்களின் சமூகம் வளர்ந்த இடம். இதே வட்டாரத்தில்தான் 1808 முதல், குருக்களைப் பயிற்றுவிக்கும் பொதுக் குருமடம் (காலேஜ் ஜெனரல்) இயங்கியது. 1665-இல் சயாமின் அயுத்தயாவில் தொடங்கி, போர்களால் விரட்டப்பட்டு, 1770களில் நம் புதுச்சேரியருகே வீராம்பட்டினத்தில் சில ஆண்டு தங்கி, பிறகு இங்கே வந்த நிறுவனம். இப்போது தஞ்சோங் பூங்காவில் இருக்கிறது, 101 பேருந்து அந்தப் பக்கம் போகும். படிப்பு நடக்கும் இடமாகையால் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும்.

அங்கே கற்பித்தவர்களில் இருவர், லோரான் ஆம்பேர், ஜாக் ஷாஸ்தான். இருவரும் பின்னர் கொரியாவுக்குப் போனார்கள். ஆம்பேர் அங்கே ஆயர். 1839-இல் துன்புறுத்தல் வந்தபோது, தன்னைத் தேடித்தேடி விசுவாசிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அறிந்து தானே சரணடைந்தார். ஷாஸ்தான் உட்பட அங்கிருந்த மற்ற இரு குருக்களையும் சரணடையும்படி எழுதினார், மந்தை தப்பட்டும் என்று. செப்டம்பர் 21 அன்று சியோலுக்கு அருகே ஹான் ஆற்றங்கரையில் மூவரின் தலையும் வெட்டப்பட்டது. ஷாஸ்தானுக்கு வயது 35. 1984-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட கொரிய மறைசாட்சிகள் 103 பேரில் இவர்களும் உண்டு.

அவர்களுக்கு 91-ஆம் சங்கீதம் எங்கே போனது? எளிய பதில் யாரிடமும் கேட்காதீர்கள், நாங்களும் சொல்லப்போவதில்லை. வேதம் என்ன செய்கிறதோ அதைக் காட்டலாம். முதலாம் பேதுரு 2:23-இல், இயேசு வையப்படும்போது பதில் வையாமல், பாடுபடும்போது பயமுறுத்தாமல், நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்குத் தம்மை ஒப்படைத்தார். ஒப்படைத்த பின் சிலுவை, கல்லறை, மூன்றாம் நாள்தான் தீர்ப்பு மாறியது. 37-ஆம் சங்கீதமும் இந்த இடைவெளிக்காக எழுதப்பட்டதுதான். நாற்பது வசனம், எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில். கோபத்தில் கொதிக்கிறவனை எழுத்தெழுத்தாக மெதுவாக நடக்க வைக்கிறது. ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். நாளைக்கு இரண்டு வசனம் என்று வைத்தால் இருபது நாள். ஊருக்குத் திரும்பிய பிறகு செய்ய வேண்டிய வேலை அது.

மாலையில் கர்னி கடற்கரையில் நடங்கள். இன்று எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

நாள் 5: புக்கிட் மெர்தாஜாம்

காலையில் பெர்ரியில் திரும்பி, பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில். சில நிமிடப் பயணம்தான். நிலையத்திலிருந்து புனித அன்னாள் பேராலயத்துக்குக் கிராப் வாடகைக் கார் பிடிக்கலாம். 1888-இல் கட்டிய பழைய கோயில் மேட்டில், புதியது கீழே. 2019-இல் இணைப் பேராலயமாக (மைனர் பசிலிக்கா) உயர்த்தப்பட்டது. ஜூலை 26 திருவிழா நாட்களில் ஊரே நிரம்பும், இந்துக் குடும்பங்களும் மெழுகுவத்தியோடு வருவார்கள். அமைதியாக வாசிக்க வேண்டுமென்றால் அந்தப் பத்து நாளைத் தவிர்த்துவிட்டு வாருங்கள்.

மரியாளின் தாய் அன்னாளைப் பற்றி வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை, பாரம்பரியத்தில்தான் உண்டு. ஆனால் அதே பெயர்கொண்ட இன்னொரு அன்னாள் இருக்கிறாள், சாமுவேலின் தாய். அவளுக்கு எதிரி வெளியே இல்லை, ஒரே வீட்டில், ஒரே கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெனின்னாள். வருஷா வருஷம், ஆலயத்துக்குப் போகிற நாளிலேயே, குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவாள். மாமியார் வீட்டிலோ நாத்தனாரிடமோ இதை அனுபவிக்கிற பெண்கள் இந்தப் பயணத்தின் கடைசி நாளை முதல் நாளாகவே வைத்துக்கொள்ளலாம்.

முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அவள் சத்தம் கேட்காமல், உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிகாரி என்று நினைக்கிறான். எதிரி போதாதென்று, ஆறுதல் சொல்ல வேண்டியவனும் பழி போடுகிறான். அவள் மரியாதையோடு, ஆனால் தெளிவாக மறுக்கிறாள்: இல்லை ஆண்டவனே, நான் குடிக்கவில்லை, என் இருதயத்தை ஊற்றினேன். ஏழாம் சங்கீதத்தில் பார்த்த அதே மறுப்பு. பெனின்னாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் அதிகாரத்துப் பாடலில்தான் சொல்கிறாள், அதுவும் பெயர் இல்லாமல்: கர்த்தர் ஞானமுள்ள தேவன், செய்கைகள் அவராலே நிறுக்கப்படும்.

பழைய கோயில் படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, இரண்டாம் நாள் எழுதிய வலப்பக்கத்தை மெதுவாக ஒருமுறை வாசியுங்கள், உதடு மட்டும் அசைய. அதைக் கிழிக்க வேண்டாம், மெழுகுவத்தியில் எரிக்கவும் வேண்டாம். வழக்கறிஞருக்கோ இலாகாவுக்கோ அது தேவைப்படும், தேதிகள் அதில்தான் இருக்கின்றன.

அன்னாளுக்குக் குழந்தை பிறப்பது இருபதாம் வசனத்தில். பதினெட்டாம் வசனத்திலேயே அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள் என்று இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு ஆகிவிட்டது. புக்கிட் மெர்தாஜாம் டவுனில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். சாப்பிட்டுவிட்டுக் கொமுட்டரில் பட்டர்வொர்த் திரும்பினால் மாலை ஈடிஎஸ்ஸைப் பிடிக்கலாம்.